அஞ்சு டீ

எங்கள் ஊர் டீக்கடையில் 'கோல்ஃப்' என்ற வார்த்தை முதல் தடவையாக உச்சரிக்கப்பட்டபோது, மாஸ்டர் அதை ஏதோ புது பிஸ்கட் என்று நினைத்துக்கொண்டு, "அது நம்ம கடைக்கு வர்றதில்ல தம்பி, பட்டர் பிஸ்கட் தரட்டுமா?" என்றார்.

ஊர், சேத்தியாத்தோப்பு. விக்கிரவாண்டி வழியாகத் தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் தூங்காமல் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். குறுக்கு ரோடு, வெள்ளாறு, அணைக்கட்டு, சர்க்கரை ஆலை, அதை நோக்கி ஆடி ஆடிப் போகும் கரும்பு லாரிகள். வீராணம் ஏரித் தண்ணீர் எங்கள் ஊரில்தான் பம்ப் செய்யப்பட்டு, ராட்சதக் குழாயில் இருநூறு கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. 2004-லிருந்து இந்த ஏற்பாடு. எங்கள் ஊரிலிருந்து வருஷம் பூரா டூர் போவது அந்தத் தண்ணீர் மட்டும்தான். நாங்கள் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை.

'நாங்கள்' என்பது ஐந்து பேர். காலேஜில் ஒரே பெஞ்ச். நிஜப் பெயரைப் போட்டால் வீட்டில் உதை விழும் என்பதால் பட்டப் பெயர்களே போதும். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன், மெட்ராஸ். கரும்புக் கணக்கு எழுதுகிறவன், சர்க்கரை. கடன் கொடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவன், பாங்கி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் ஃப்யூஸ் கேரியரும் பொம்மையும் செய்கிறவன், செராமிக். மிச்சம் இருப்பது நான். ஓர் ஆபீஸில் கிளார்க். டூர் கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால், செக்ரட்டரி.

காணும் பொங்கல் முடிந்த கையோடு கிளம்பிவிடுவோம். பிச்சாவரம், வேளாங்கண்ணி, ஏற்காடு, குற்றாலம் எல்லாம் முடிந்துவிட்டது. குற்றாலத்தில் நாங்கள் நாலு பேரும் அருவியில் நின்றபோது, எங்கள் பேன்ட், சட்டை, பர்ஸ், வாட்சுக்கெல்லாம் குரங்கிடமிருந்து காவல் இருந்தவன் செராமிக். இது ஒரு தகவல். பின்னால் தேவைப்படும்.

தீபாவளிக்கு வந்த மெட்ராஸ், தோளில் நீளமாக ஒரு பையை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

"என்னடா, வீணை கத்துக்கறியா?" என்றான் சர்க்கரை.

"கோல்ஃப்! எங்க மேனேஜர் பழைய செட்டைக் குடுத்துட்டாரு. இந்த வருஷம் டூர், கோல்ஃப் டூர். மறுபேச்சு கிடையாது."

விஷயத்தை விளக்கினான். பெரிய புல்வெளி. அதில் பதினெட்டுக் குழி. ஒவ்வொன்றும் நாலேகால் அங்குல விட்டம், அதாவது ஒரு சின்ன சொம்பின் வாய். குழியிலிருந்து இருநூறு முன்னூறு கெஜம், சிலவற்றில் ஐந்நூறு கெஜம்கூடத் தள்ளி நின்று பந்தை அடிக்க வேண்டும். பிறகு பந்தைத் தேடிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். குறைந்த அடியில் போட்டவன் ஜெயித்தவன். ஒரு ஆட்டம் முடிய நாலு மணி நேரம், ஆறேழு கிலோ மீட்டர் நடை. பையில் பதினாலு மட்டை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் சட்டப்படி கூடாது.

"இதையே எங்க பாட்டி பல்லாங்குழின்னு உக்காந்த இடத்துலயே ஆடிச்சு" என்றான் பாங்கி.

1457-ல் ஸ்காட்லாந்து பார்லிமென்ட் கோல்ஃபுக்குத் தடை போட்டதாம். பையன்கள் வில்வித்தை பழகாமல் இதையே ஆடிக்கொண்டிருந்தார்களாம். பிள்ளை படிக்காமல் கிரிக்கெட் ஆடுகிறான் என்று நம் அம்மாக்கள் புலம்புவதற்கு ஐந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட முன்னுதாரணம் இருக்கிறது.

"முதல்ல டீ வைக்கணும்" என்றான் மெட்ராஸ்.

"அஞ்சா?" என்றார் மாஸ்டர், பாய்லரைத் திறந்தபடி.

அந்த டீ இல்லையாம். பந்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைக்க ஆணி மாதிரி ஒரு சின்னக் குச்சி, அதற்குப் பெயரும் டீ. அந்தக் காலத்தில் ஈர மணலைப் பிடித்துப் பிள்ளையார் மாதிரி ஒரு குட்டிக் குவியல் வைத்து, அதன் மேல் பந்தை வைப்பார்களாம். 1899-ல் பாஸ்டன் நகரத்துப் பல் டாக்டர் ஒருவர், ஜார்ஜ் கிரான்ட் என்று பெயர், மரக் குச்சி டீக்குப் பேடன்ட் வாங்கினார். இதுவரை வாயைத் திறக்காமல் இருந்த செராமிக், அந்தக் குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கையில் எந்தப் பொருள் கிடைத்தாலும் அதற்கு அச்சு எப்படி எடுப்பது என்றுதான் பார்ப்பான்.

அன்றைக்கே டூர் கமிட்டி கூடியது. நான் நோட்டில் கோடு போட்டேன். தூரம், ஜனவரி மாதச் சீதோஷ்ணம், உள்ளே விடுவார்களா, சாப்பாடு, துட்டு என்று ஐந்து கட்டம். இந்தக் 'உள்ளே விடுவார்களா' முக்கியமான கட்டம். கோல்ஃப் மைதானங்களில் பல, கிளப்புக்குச் சொந்தமானவை. மெம்பர் யாராவது கூட்டிக்கொண்டு போகவேண்டும், அல்லது விருந்தாளிக் கட்டணம் கட்டவேண்டும். காலர் வைத்த பனியன் கட்டாயம். லுங்கி, ரப்பர் செருப்பு பற்றிக் கேட்கவே வேண்டாம் என்று மெட்ராஸ் சொல்லிவிட்டான்.

முதலில் பக்கத்தில் இருக்கும் சென்னை. 1884-ல் ஆரம்பித்த ஜிம்கானா கிளப், கிண்டி ரேஸ்கோர்ஸுக்கு நடுவிலேயே பதினெட்டுக் குழி ஆடிக்கொண்டிருந்தது. குதிரைகள் சுற்றி ஓட, கனவான்கள் உள்ளே நடப்பார்கள். 2024 செப்டம்பரில் அரசாங்கம் ரேஸ்கோர்ஸ் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டதும் விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட் கேஸ் உள்ள இடத்துக்கு டூர் வேண்டாம் என்று அடித்துவிட்டேன். இன்னொன்று நந்தனத்தில், அண்ணா சாலையை ஒட்டியே. சீதோஷ்ணம் ஜனவரியில் பரவாயில்லை. ஆனால், "சென்னைக்குப் போறதுக்குப் பேரு டூரா? அது ஆஸ்பத்திரிக்குப் போற ஊரு" என்றான் சர்க்கரை.

அவன் கட்சி, மலை. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் தொடங்கியது. விருத்தாசலம் ஜங்ஷனில் ராத்திரி ரயில் ஏறினால், விடிவதற்குள் கொடை ரோடு. அங்கிருந்து பஸ்ஸில் மலை ஏறவேண்டும். புல்வெளி மேடு பள்ளமாக, சுற்றிலும் மரங்களோடு, பார்த்தாலே பசி எடுக்கும். ஒரே சங்கடம், காட்டெருமைகள். கொடைக்கானல் மைதானத்தில் அவை சர்வசாதாரணமாக மேயும். நாம் அடித்த பந்து ஓர் எருமையின் காலடியில் போய் நின்றால் அடுத்த அடியை யார் அடிப்பது என்று பாங்கி கேட்டதற்கு, சர்க்கரையிடம் பதில் இல்லை.

ஊட்டி, இன்னும் உயரம். ஏழாயிரம் அடிக்கு மேலே காற்று லேசாக இருப்பதால் பந்து கூடுதல் தூரம் போகும். நம் ஊரில் சுமாராக அடிப்பவன் அங்கே கொஞ்சம் சூரனாகத் தெரிவான். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில், 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குன்னூரை ஒட்டி வெலிங்டனில் இன்னொரு மைதானம், அது ராணுவக்காரர்கள் பேட்டை. ஆக ஒரே மலையில் இரண்டு. ஆனால் ஜனவரி ராத்திரியில் ஊட்டியில் உறைபனி விழும். எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து இருப்பது ஒண்ணரை ஸ்வெட்டர்.

மெட்ராஸின் கட்சி, பெங்களூரு. காரைக்காலிலிருந்து பெங்களூரு போகிற ரயில் விருத்தாசலம் வழியாகத்தான் போகிறது. 1876-லிருந்து ஊருக்கு நடுவிலேயே ஒரு கிளப், பழைய ஏர்போர்ட் பக்கம் ஒன்று, பிடதியில் ஒன்று, நந்தி மலைப் பக்கம் ஒன்று. வருஷம் பூரா ஆடுகிற குளிர்ச்சி. கோல்ஃபுக்காக ஒரு கோஷ்டி மூன்று நாள் ஓர் ஊரில் தங்கி, தினம் ஒரு மைதானமாக ஆடவேண்டுமென்றால் தென்னிந்தியாவில் பெங்களூருவை அடித்துக்கொள்ள முடியாது என்றான். உண்மைதான். ஆனால் அந்த மைதானத்துக்கும் இந்த மைதானத்துக்கும் நடுவில் பெங்களூரு டிராஃபிக் இருக்கிறது. தினம் ஒரு மைதானம் ஆடலாம். அதைவிட நிறைய நேரம் தினம் காரில் உட்காரலாம்.

நான் ஸ்ரீலங்கா. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள் அல்லவா, அன்றிலிருந்தே எனக்கு ஆசை. கொழும்பில் 1879-லேயே கோல்ஃப் கிளப். அந்த மைதானத்துக்கு உள்ளேயே ரயில் தண்டவாளம் போகிறது. ரயில் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி வழி விடவேண்டும். நுவரெலியாவில் 1889-லிருந்து ஒன்று, தேயிலை மலைகளுக்கு நடுவில், ஊருக்கு மத்தியிலேயே. கண்டிக்குப் பக்கத்தில் விக்டோரியா அணை நீரைப் பார்த்தபடி இன்னொன்று, 1999-ல் வந்தது. மூன்றும் மூன்று விதம். கடற்கரை வெக்கை, மலைக் குளிர், ஏரிக் காற்று. சின்னத் தேசத்தில் இத்தனை வித்தியாசம் வேறெங்கும் கிடைக்காது என்று அரை மணி நேரம் பேசினேன். கப்பல் போய் நிற்பது வடக்குக் கோடி, மைதானங்கள் இருப்பது நடுவிலும் தெற்கிலும், இடையில் ஒரு நாள் பஸ் பயணம் என்பதை வேகமாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

பாங்கி ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"தாய்லாந்து."

அதற்கும் ஆதாரம் வைத்திருந்தான். ஹுவா ஹின் என்ற ஊரில் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டியே 1924-ல் போட்ட மைதானம். ஜனவரியில் மழை இல்லை. பெரும்பாலான மைதானங்களில் ஆளுக்கு ஒரு கேடி கட்டாயம், அநேகமாகப் பெண்கள். கேடி என்றால் நம் ஊர் அர்த்தம் இல்லை. மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து, பந்தைத் தேடிக் கொடுத்து, எந்த மட்டையால் அடிக்கலாம் என்று யோசனையும் சொல்பவர். "பேசாம தாய்லாந்து போறோம், மனுஷனாத் திரும்பி வர்றோம்" என்று மேஜையைத் தட்டினான். தட்டிய வேகத்தில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்துக் கட் பண்ணினான். இரண்டு நிமிஷத்தில் மறுபடி அடித்தது. மறுபடி கட்.

ஒரு மரியாதைக்காக ஸ்காட்லாந்தையும் எழுதிக்கொண்டேன். செயின்ட் ஆண்ட்ரூஸ், கோல்ஃபின் காசி. பதினெட்டுக் குழி என்ற கணக்கே 1764-ல் அங்கே வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய மைதானத்தில் பெரும்பாலும் ஆட்டம் கிடையாது, ஊர் ஜனங்கள் காலாற நடப்பார்கள். ஜனவரியில் எட்டரை மணி தாண்டி விடிந்து, நாலு மணிக்கு இருட்டிவிடும். போகிற செலவுக்குப் பகல் வெளிச்சம் கட்டுப்படியாகாது என்று ஏகமனதாகத் தள்ளுபடி ஆயிற்று.

"நீ எங்கடா போலாம்ங்கற?" என்று செராமிக்கைக் கேட்டேன்.

"எங்க வேணா போலாம்டா" என்றான். பத்து வருஷமாக அவனுடைய பதில் இதுதான். நான் நோட்டில் அவன் பெயருக்கு எதிரே ஒரு சின்னக் கோடு போடுவது வழக்கம். போட்டேன்.

அப்போதுதான் மெட்ராஸ் அந்தச் சிக்கலைச் சொன்னான்.

"ஒரு விஷயம் மச்சான். கோல்ஃப்ல ஒரு செட்டுக்கு நாலு பேருதான். அஞ்சாவது ஆள் கூட ஆட முடியாது."

எல்லோரும் டீ கிளாஸைப் பார்த்தோம். அந்த மௌனம் இரண்டு செகண்ட்கூட இருந்திருக்காது. அதற்குள் செராமிக், ஏதோ சில்லறை இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல,

"அதுக்கென்னடா, நீங்க நாலு பேரும் ஆடுங்க. நான் பையைத் தூக்கிட்டு வர்றேன்" என்றான்.

"சூப்பர்டா! பிரச்னை ஓவர்" என்றான் சர்க்கரை. நானும் தலையை ஆட்டினேன். நோட்டில் 'கேடி செலவு மிச்சம்' என்று எழுதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மெட்ராஸ் ஆறுதலாக ஒன்று சொன்னான். "கேடின்னா கேவலம் இல்லடா. அலி ஷேர்னு டில்லியில ஒரு கேடி. 1991-ல இந்தியன் ஓபன் ஜெயிச்சாரு. அதை ஜெயிச்ச முதல் இந்திய புரொஃபெஷனலே அவர்தான். பெங்களூருல சின்ன வயசுலேர்ந்து பை தூக்கின முனியப்பா, 2009-ல ஜெயிச்சாரு."

செராமிக் சிரித்தான். "சரிடா, நானும் ஜெயிச்சுட்டு வர்றேன்."

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வரவில்லை. அலி ஷேரும் முனியப்பாவும் பெரிய மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் பை தூக்கியது சம்பளத்துக்கு. யாருடைய டூரிலும் நண்பனாகப் போய் அல்ல. குற்றாலத்துத் துணி ஞாபகம் வந்தது. ஏற்காட்டுக்கு வேனில் போனபோது பின்னால் பெட்டிகளோடு பெட்டியாக உட்கார்ந்து வந்தவன் ஞாபகம் வந்தான். வேளாங்கண்ணியில் ரூமில் நாலு கட்டில்தான் இருந்தது. ஐந்தாவது ஆள் எங்கே படுத்தான் என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் அவனை ஒதுக்கவில்லை ஸார். அவனே ஒதுங்கிக்கொண்டான். நாங்கள் யாரும் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுந்து நோட்டை எடுத்தேன். ஊட்டியா, கொடைக்கானலா, நுவரெலியாவா என்று ஐந்து கட்டம் போட்டவன், ஆறாவதாக ஒரு கட்டம் போட மறந்திருந்தேன். 'ஐந்து பேருக்கும் ஒத்து வருமா?'

மெட்ராஸுக்குப் போன் போட்டேன். மணி பதினொன்றரை. "கோல்ஃப்ல நல்லா ஆடறவனும் கத்துக்குட்டியும் ஒண்ணா ஆட முடியுமாடா?"

"தாராளமா. அதுக்குத்தான் ஹாண்டிகேப்" என்றான் கொட்டாவியோடு.

கோல்ஃபில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கேளுங்கள். ஒரு மைதானத்தைத் தேர்ந்த ஆட்டக்காரன் 72 அடியில் முடிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வழக்கமாக நூறு அடிப்பவன் என்றால், எனக்கு ஏறக்குறைய 28 அடி சலுகை. கெட்டிக்காரனுக்கு ஐந்துதான். அவன் 78 அடித்தால் கழித்து 73. நான் என் வழக்கப்படி நூறே அடித்தால் கழித்து 72. ஜெயித்தவன் நான். 2020-ல் உலகம் முழுக்க ஒரே முறையாக்கி, அதிகபட்சம் 54 வரை சலுகை கொடுக்கிறார்கள். கிரிக்கெட்டில் மெதுவாக ஓடுகிறவனுக்கு யாரும் பவுண்டரியைப் பக்கத்தில் நகர்த்தி வைப்பதில்லை. கோல்ஃபில் வைக்கிறார்கள். கெட்டிக்காரனும் சாதாரண ஆளும் சேர்ந்து நடக்கவேண்டும் என்று அந்த ஆட்டமே ஆசைப்படுகிறது.

அந்த வார்த்தைக்கும் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் முன்னூறு வருஷத்துக்கு முந்தைய பண்டமாற்று விளையாட்டு. ஒரு தொப்பிக்குள் எல்லோரும் பந்தயக் காசோடு கையை விட்டு எடுப்பார்கள். சம்மதமா இல்லையா என்று அந்தக் கையிலிருந்து தெரியும். 'தொப்பிக்குள் கை' என்பதுதான் மருவி ஹாண்டிகேப் ஆயிற்று.

மறுநாள் காலை டீக்கடையில் மெட்ராஸின் கோல்ஃப் தொப்பியைக் கழற்றி பெஞ்சில் கவிழ்த்தேன், இல்லை, மல்லாத்தினேன். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். "பெயர் வேண்டாம், எழுத்து வேண்டாம். ரெண்டே நம்பர். வீட்டுல பொய் சொல்லாம, கடன் வாங்காம எவ்வளவு முடியும்? எத்தனை நாள் முடியும்? ரெண்டுலயும் எது கம்மியோ அதுதான் டூர்."

"என்னடா பஞ்சாயத்து எலெக்‌ஷன் மாதிரி" என்று முணுமுணுத்தார்கள். ஆனால் எழுதும்போது ஒவ்வொருவனும் கையால் மறைத்துக்கொண்டதைக் கவனித்தேன்.

பிரித்தேன். நாற்பதாயிரம், ஐந்து நாள். அது யாரென்று சொல்லவேண்டியதில்லை, கம்ப்யூட்டர். பன்னிரண்டாயிரம், மூன்று நாள். ஏழாயிரம், இரண்டு நாள். ஐயாயிரம், இரண்டு நாள். கடைசிச் சீட்டு இரண்டாயிரத்து ஐந்நூறு, ஒரு நாள்.

ஏழுக்கு நடுவில் குறுக்கே கோடு போடுகிறவன் எங்களில் செராமிக் ஒருத்தன்தான். அதாவது, லீவு போட்டால் கூலி இல்லாத அவன் சீட்டு நடுவில் நின்றது. இந்த டூருக்காக மாதாமாதம் எடுத்து வைத்திருக்கிறான். பையைத் தூக்குகிறேன் என்று அவன் சொன்னது காசு இல்லாமல் அல்ல. யாராவது ஒருத்தன் வெளியே நிற்கவேண்டும் என்றால் அது தானாகத்தான் இருக்கும் என்று அவனே முடிவு செய்திருக்கிறான். பத்து வருஷத்தில் அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

ஐயாயிரம் எழுதியது அடியேன். அரை மணி நேரம் ஸ்ரீலங்காவுக்கு வாதாடியவன். வீட்டில் அப்பாவின் கண் ஆபரேஷன் இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. கடைசிச் சீட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை. அவனும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவன்.

சீட்டுகளைப் படித்து முடித்ததும் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால், அது என்ன மாயமோ, எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டமாதிரி இருந்தது. தாய்லாந்து பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை.

இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், ஒரு நாள். அதற்கு ஒத்துவந்தது சென்னைதான், ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே ஊர். சனிக்கிழமை ராத்திரி பஸ். விடிகாலை மெட்ராஸின் ரூமில் குளியல். பிறகு மைதானம் இல்லை, பயிற்சித் திடல். கத்துக்குட்டிகள் நேரே மைதானத்தில் இறங்கினால் பின்னால் வருபவர்கள் அடிக்க வருவார்கள் என்பதால், முதலில் இங்கேதான் பழகவேண்டுமாம். வரிசையாகப் பாய் மாதிரி விரித்திருக்கும். ஒரு கூடை பந்து வாடகைக்கு. நின்ற இடத்திலிருந்து அடித்துக்கொண்டே இருக்கலாம், பொறுக்க ஓடவேண்டாம். மட்டையும் வாடகைக்குக் கிடைத்தது. எத்தனை பேர் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன், அங்கிருந்த பயிற்சியாளரிடம். "ஸார், நாங்க அஞ்சு பேர். பெரிய மைதானத்துக்குப் போனா எப்படி ஆடறது?"

"இதென்ன கேள்வி? மூணு பேர் ஒரு செட்டு, ரெண்டு பேர் ஒரு செட்டு" என்றார்.

மூணும் ரெண்டும் அஞ்சு. டிகிரி முடித்த ஐந்து பேருக்கு, அதில் இரண்டு பேர் கணக்கு எழுதியே பிழைப்பவர்கள், இந்தக் கூட்டல் தோன்றவில்லை. ஒருத்தனைக் கழிப்பதுதான் முதலில் தோன்றியது. மெட்ராஸ் குனிந்து ஷூ லேஸை ரொம்ப நேரம் கட்டினான்.

ஆட்டம் எப்படி என்று கேட்கிறீர்களா? நான் முதல் நாலு வீச்சில் காற்றை அடித்தேன். சர்க்கரை பந்தை விட்டுவிட்டு மட்டையை நாற்பது அடி தூரத்துக்கு அனுப்பினான். பாங்கி ஒன்று அடித்தான், பக்கத்துப் பாய்க்குப் போயிற்று. அங்கிருந்த பெரியவர் அதை நிதானமாகத் திருப்பி உருட்டிவிட்டார். செராமிக் நன்றாக அடித்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். எங்களைப் போலவேதான் அடித்தான். ஆனால் முப்பதாவது பந்தோ என்னவோ, 'டொக்' என்று ஒரு சத்தம். பந்து நேராக, உயரமாக, வெயிலில் பளிச்சென்று போய்க்கொண்டே இருந்தது. அவன் மட்டையைத் தோளில் வைத்தபடி அது விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவன் மட்டையை நாங்கள்தான் வாங்கி வைத்தோம்.

நீங்கள் ஆபீஸ் டூரோ நண்பர்கள் டூரோ ஏற்பாடு செய்கிறவர் என்றால், எங்கள் நோட்டிலிருந்து ஒரு யோசனை. கோல்ஃபே ஆடவேண்டும், ஆடவும் தெரியும், ஆளும் துட்டும் இருக்கிறது என்றால் பெங்களூரு. காற்றுக்கும் கண்ணுக்கும் மலை. வித்தியாசத்துக்கு ஸ்ரீலங்கா. கவனிப்புக்குத் தாய்லாந்து. எல்லாம் நல்ல ஊர்கள்தான். ஆனால் ஊரை முடிவு செய்வதற்கு முன்னால் தொப்பியை மல்லாத்துங்கள். நம் கூட்டத்தில் 'எங்க வேணா போலாம்' என்று சொல்கிறவன் ஒருத்தன் இருப்பான். ரொம்பச் சத்தமாக 'தூரமாகப் போகலாம்' என்று சொல்கிறவனும் ஒருத்தன் இருப்பான். இரண்டு பேரையும் சீட்டு மட்டும்தான் உண்மை பேச வைக்கும்.

திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் கூடினோம். செராமிக் சட்டைப் பையிலிருந்து நியூஸ் பேப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்து பெஞ்சில் பிரித்தான். உள்ளே வெள்ளைப் பீங்கானில், வழவழவென்று, கோல்ஃப் டீ. தீபாவளியன்று பார்த்ததை மனசிலேயே அச்சு எடுத்து, பட்டறைச் சூளையில் பொம்மைகளோடு பொம்மையாகச் சுட்டிருக்கிறான்.

"ஒரு அடி அடிச்சா உடைஞ்சுடும்டா. ஆட முடியாது. சும்மா வச்சுக்கங்க" என்றான்.

எண்ணிப் பார்த்தேன். ஐந்து இருந்தது. தனக்கும் சேர்த்துச் செய்திருந்தான்.

மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, டீ எத்தனை?" என்றார்.

"அஞ்சு மாஸ்டர்" என்றோம் நாலு பேரும் ஒரே சமயத்தில்.